மைக்கம்மாவின் மூச்சு

"துறைமுகம் செல்லும் பேருந்து மூன்றாம் மேடையில்..." என்று தொடங்கிய பேருந்து நிலைய அறிவிப்பாளர் மைக்கம்மாவுக்கு அதற்கு மேல் காற்று வரவில்லை.

வாய் திறந்தபடி இருந்தது. நெஞ்சு மேலும் கீழும் போனது. உள்ளே போன காற்றுக்கு வெளியே வர வழி தெரியவில்லை. கடைசியில் நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவே எங்கோ ஒரு இடுக்கைக் கண்டுபிடித்து, 'வீ...ஈ...ஈக்' என்று வெளிப்பட்டது. மைக் அணைக்கப்படவில்லை. நிலையத்தின் ஒலிபெருக்கிகள் அத்தனையும் அந்தச் சத்தத்தைக் கடமை தவறாமல் மேடை மேடையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

மூன்றாம் மேடையில் இருந்த ஓட்டுநர் அதை நடத்துநரின் விசில் என்று நினைத்தார். கியரைப் போட்டார். வண்டி கிளம்பிவிட்டது. ஏறியவர்கள் பாதி, ஏறாதவர்கள் பாதி. ஒருவருடைய பெட்டி உள்ளே, அவர் வெளியே. நிஜமான நடத்துநர் கீழே நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையும் கையுமாக வண்டியைத் துரத்தினார். நிறுத்தச் சொல்லி விசில் ஊதலாம் என்றால் வாய் நிறையத் தேநீர்.

நிலைய மேலாளர் அறிவிப்பு அறைக்குள் நுழையும்போது மைக்கம்மா மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றி, மாரத்தான் ஓடி வந்தவள் போல் குனிந்திருந்தாள்.

"என்னம்மா இது? வண்டியைக் கிளப்புறது கண்டக்டரா, நீங்களா?"

"சளி... சார்."

"மூணு மாசமா ஒரே சளியா? மேலிடத்துல மெஷின் குரல் போட்டுடலாம்னு தினம் ஒரு போன். நான்தான் மனுஷக் குரல் போதும்னு தட்டிக் கழிச்சுட்டு வர்றேன். மெஷினுக்குச் சளி பிடிக்காது, அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க."

அவர் கெட்டவர் அல்ல. ஆனால் மெஷின் என்ற சொல்லைக் கேட்டதும் மைக்கம்மா நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் அந்த மைக்கின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். நகரத்தில் அவள் முகத்தைத் தெரிந்தவர்கள் சிலர். குரலைத் தெரியாதவர் எவருமில்லை. காய்கறிக் கடையில் "வெங்காயம் என்ன விலை?" என்று கேட்டால், கடைக்காரர் எந்த மேடை என்று தேடுவார். அந்த நாற்காலி போய்விட்டால் அவள் யார்?

அன்று மாலையே கணவரோடு நிலையத்துக்கு எதிரே இருந்த மருத்துவமனைக்குப் போனாள்.

கணவருக்குச் செருப்புத் தொழிற்சாலையில் வேலை. இடது காலும் வலது காலும் ஜோடி சேர்கிறதா என்று பார்த்துப் பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. எதையும் தனியாகப் பார்க்க அவருக்குத் தெரியாது. ஒரு விளக்குமாறு வாங்குவதென்றாலும் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்த்தால்தான் மனசு ஆறும்.

டாக்டர் இளம் பெண். மைக்கம்மாவை ஒரு குழாயில் ஊதச் சொன்னார். முதுகில் காதை வைக்காத குறையாகக் கேட்டார். "ஆஸ்துமா" என்றார்.

"பயப்படாதீங்க. மருந்து நிறைய இருக்கு. எது யாருக்குங்கிறதுதான் விஷயம். இது நீல பம்ப். இழுத்தா சில நிமிஷத்துல மூச்சுக்குழாய் விரியும். ஆனா உள்ள இருக்கிற வீக்கத்தை இது தொடாது. ஒழுகுற கூரைக்குக் கீழ பாத்திரம் வைக்கிற மாதிரி. இது பழுப்பு. கூரையையே சரிபண்றது. காலையிலயும் ராத்திரியும் விடாம எடுக்கணும், எடுத்ததும் வாய் கொப்பளிக்கணும். உடனே ஒண்ணும் தெரியாது, ரெண்டு வாரத்துல தெரியும்."

"மாத்திரை இல்லையா டாக்டர்? முழுங்கினா வேலை முடிஞ்சுது" என்றார் கணவர்.

"இருக்கு. ஆனா எடுத்த எடுப்புல அது வேண்டாம். பம்ப் நேரா நுரையீரலுக்குப் போகும், மருந்து துளியூண்டு போதும்."

"சரி, இந்த ரெண்டுல எது நல்லது?"

"ரெண்டும் வேற வேற வேலை சார். செருப்புல எந்தக் கால் நல்லதுன்னு கேப்பீங்களா?"

டாக்டருக்கு அவருடைய தொழில் தெரியாது. ஆனாலும் அந்த ஒரு கேள்வியில் கணவர் கப்சிப்.

"ஒண்ணு மட்டும்" என்றார் டாக்டர். "நீலம் எவ்வளவு சீக்கிரம் தீருதோ, நோய் அவ்வளவு கட்டுக்கு வரலைன்னு அர்த்தம். பம்ப்போட முதுகுல நம்பர் இறங்கிட்டே வரும். அடுத்த தடவை எடுத்துட்டு வாங்க, அதைப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுறதா குறைக்கிறதான்னு முடிவு பண்ணுவேன்."

வீட்டுக்கு வந்ததும் கணவர் இரண்டு பம்ப்பையும் சாப்பாட்டு மேசையில் ஜோடியாக நிறுத்திவைத்து, குனிந்து குனிந்து பார்த்தார்.

"பழுப்பை வீட்டுல வெச்சுக்கலாம். இந்த நீலம்தான் பயமா இருக்கு. பழகிட்டா விட முடியாதாம், எங்க சூப்பர்வைசர் சொன்னார். கண்ணுல படாம இருந்தா கை போகாது."

"இளைப்பு வர்றதே ஸ்டாண்டுப் புகையிலதாங்க. அங்கேயே டிராயர்ல வெச்சுக்கிறேன்."

"அங்க மேனேஜர் பார்த்தா? நோயாளின்னு சீட்டைக் கிழிச்சுடுவாரே! இரு." அவர் நகத்தால் பம்ப்பின் மேல் இருந்த மருந்துப் பெயரைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். "இப்ப பார்த்தா யாருக்கும் மருந்துன்னு தெரியாது."

இப்படியாக நீல பம்ப், பேனாக்களுக்கும் பசைக்கும் நடுவே, அறிவிப்பு அறை டிராயரில் குடியேறியது.

பழுப்பு மருந்து சொன்னபடி வேலை செய்தது. முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாம் வாரக் கடைசியில் மைக்கம்மா மாடிப்படி முழுவதையும் ஒரே மூச்சில் ஏறிவிட்டு, எதற்காக ஏறினோம் என்பதை மறந்து நின்றாள். அறிவிப்புகள் பட்டுப்போல வந்தன. நீல பம்ப்பை எடுக்க வேண்டிய தேவையே அநேகமாக வரவில்லை.

எனவே மாதம் முடிந்து டாக்டர் முன்னால் அதை வைக்கும்போது அவள் முகத்தில் பரீட்சையில் முதல் மார்க் வாங்கப்போகிற பிள்ளையின் களை இருந்தது.

டாக்டர் பம்ப்பைத் திருப்பினார். புருவம் ஏறியது.

"என்னம்மா, கிட்டத்தட்ட காலி!"

"காலியா? நான் ரெண்டு தடவையோ மூணு தடவையோதானே டாக்டர்..."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. தப்பா நினைக்காதீங்க, மூச்சு முட்டுறப்ப யாரும் எண்ணிட்டு இருக்க மாட்டாங்க." டாக்டர் கனிவாகத்தான் சொன்னார். "பழுப்பு போதலை. ரெண்டு மருந்து சேர்ந்த பம்ப் ஒண்ணு இருக்கு, கொஞ்சம் வீரியமானது. அதுக்கு மாத்திடுவோம். நீலம் புதுசா ஒண்ணு எழுதறேன்."

மைக்கம்மா வெளியே வந்ததும் கணவர் அவளையே பார்த்தார்.

"என்னங்க பாக்கிறீங்க? நான் இழுக்கலை."

"நான் ஒண்ணும் சொல்லலியே" என்றார் அவர். சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. புதிதாக வாங்கிய நீல பம்ப்பின் பெயரையும் மறக்காமல் சுரண்டிக் கொடுத்தார்.

கூட்டு பம்ப்பில் மூச்சுக்குக் குறைவில்லை. ஆனால் காலை அவசரத்தில் வாய் கொப்பளிக்கப் பல நாள் மறந்துபோனது. பத்து நாளில் தொண்டை கட்டிக்கொண்டது. பட்டு போய், கோணிச் சாக்கு வந்தது. அவள் வாயைத் திறந்தால் பழைய மரக்கதவைத் திறந்த மாதிரி இருந்தது.

மாலை நேரத்துக்கு வேறொரு அறிவிப்பாளர் உண்டு. ஒல்லியான இளைஞன், குரலும் ஒல்லி. அவள் எழுந்ததும் அதே நாற்காலியில், அதே மைக் முன்னால் உட்காருவான். இருவர் குரலையும் அடுத்தடுத்துக் கேட்ட பயணிகள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். புகார் பெட்டியைத் திறந்த மேலாளர் நேராக அறிவிப்பு அறைக்கு வந்தார்.

"சாயங்காலம் பேசுற அம்மா குரல் தேன் மாதிரி இருக்காம். பகல்ல பேசுற ஆம்பளையை உடனே மாத்தணுமாம்."

மைக்கம்மாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இளைஞனுக்கும்தான்.

"கொப்பளிச்சா சரியாயிடும் சார்" என்றாள், கதவு திறக்கும் குரலில்.

கொப்பளித்தாள், சரியானது. ஆனால் அடுத்த முறை நீல பம்ப்பைக் கையில் எடுத்தபோது கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். முதுகில் இருந்த எண் பாதாளத்துக்குப் போயிருந்தது.

டாக்டர் ஒரு மாத்திரையைச் சேர்த்தார். "சிலருக்குக் கெட்ட கனவு வரும். வந்தா உடனே நிறுத்திட்டு எனக்குச் சொல்லணும்" என்று எச்சரித்தார்.

கனவு வந்தது. கனவிலும் மைக்கம்மாவுக்கு விடுமுறை இல்லை. சக்கரமே இல்லாத பேருந்துகள் மேடை ஏறி வர, அவள் படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஐந்தாம் மேடையில் உள்ள பயணி உடனடியாகக் கீழே இறங்கவும்!" என்று உரத்து அறிவித்தாள். தூக்கக் கலக்கத்தில் இருந்த கணவர் தலையணையை அணைத்தபடி கட்டிலிலிருந்து இறங்கி, வாசல்வரை போய்விட்டார்.

மாத்திரை நின்றது. நீல பம்ப் தீர்வது நிற்கவில்லை.

இந்த முறை டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நிஜத்தைச் சொல்லுங்க, நான் திட்ட மாட்டேன். ஊதிப் பார்த்தா மூச்சு நல்லாத்தான் இருக்கு. ஆனா பம்ப் தீருது. பதற்றத்துல எடுக்கிறீங்களா? பழக்கத்துல எடுக்கிறீங்களா?"

"சத்தியமா எடுக்கலை டாக்டர்."

"அப்ப பம்ப் தன்னைத் தானே இழுத்துக்குதா?"

மைக்கம்மா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதுதான் அவளை மிகவும் பயமுறுத்தியது. மற்றவர்கள் சந்தேகப்பட்டால் சண்டை போடலாம். அவளுக்கே அவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. சிலர் தெரியாமலே நகம் கடிப்பதில்லையா? அறிவிப்பு வாசிக்கிற மும்முரத்தில் கை தானாக டிராயருக்குப் போகிறதோ? மறுநாள் முதல் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டே அறிவிப்புச் செய்தாள். கை மரத்துப்போனது. அவள் எழுந்தபோது, எதிரே வந்து கும்பிட்டவருக்குப் பதில் வணக்கம் சொல்ல ஒரு கைதான் கிடைத்தது.

வீட்டில் கணவர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலில் கோபமில்லை, அதைவிடக் கனமான ஏதோ இருந்தது.

"எனக்கு ஒண்ணு தோணுது. நீ இதுக்கு அடிமை ஆயிட்டேம்மா. உன் தப்பு இல்ல. எல்லா பம்ப்பையும் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்ப்போம். மருந்து எடுத்த நாள், எடுக்காத நாள், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா உண்மை தெரிஞ்சுடும்."

"டாக்டர் விடாம எடுக்கச் சொன்னாங்களே..."

"டாக்டர் நீ சொல்றதையே நம்பலை. நாம ஏன் அவங்க சொல்றதை நம்பணும்?"

தர்க்கம் என்னவோ நொண்டிதான். ஆனால் தன்னையே நம்பாதவளுக்கு யார் சொன்னாலும் சரியாகத்தான் படும். கூட்டு பம்ப் அலமாரிக்குள் போனது. புது நீலம் மட்டும் ஆபத்துக்கு இருக்கட்டும் என்று டிராயரிலேயே இருந்தது.

முதல் சில நாள் ஒன்றும் ஆகவில்லை. "பார்த்தியா!" என்றார் கணவர். அவளும் பார்த்தாள். மேலும் சில நாளில் இருமல் வந்தது. "காத்து சரியில்ல" என்றார் கணவர். படியேறும்போது நடுவில் நிற்க வேண்டியிருந்தது. அதை அவள் அவரிடம் சொல்லவில்லை.

அந்த மதியம், அறிவிப்பு அறை ஜன்னலுக்கு நேராக ஒரு பழைய பேருந்து பழுதாகி நின்றது. ஓட்டுநர் கிளப்பிக் கிளப்பிப் பார்க்க, அது கரும்புகையாகக் கக்கியது. மைக்கம்மா எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். அதற்குள் புகை உள்ளே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது.

முதலில் இருமல். பிறகு நெஞ்சை யாரோ கயிற்றால் சுற்றி இறுக்குவது போல ஒரு பிடிப்பு. 'வீ...ஈ...' என்று சத்தம் கிளம்பியது. மரத்த கையை உதறி டிராயரைத் திறந்தாள். நீல பம்ப்பை எடுத்துக் குலுக்கி, வாயில் வைத்து அழுத்தினாள்.

'டக்' என்றது. அவ்வளவுதான். திருப்பிப் பார்த்தாள். எண் பூஜ்யம்.

மறுபடி அழுத்தினாள். டக். புதிதாகப் பிரித்த பம்ப் அது. வைத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

கதவு சில அடி தூரத்தில்தான் இருந்தது. எழுந்து நிற்க முடியவில்லை. தோள்கள் காதுவரை ஏறி இறங்கின. ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த தன் உதடு சாம்பல் நிறமாகிக்கொண்டு வருவதை அவளே பார்த்தாள். நிலையம் முழுக்கத் தன் குரலுக்குக் கட்டுப்பட்டு நடந்த ஜனங்கள், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பெட்டியும் பையுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை.

பம்ப்பைத் திறந்திருந்த டிராயரிலேயே நழுவவிட்டு, மைக் பொத்தானை அழுத்தினாள். 'காப்பாத்துங்க' என்று சொல்ல நினைத்தாள். ஒலிபெருக்கிகளில் வந்தது இதுதான்: "வீ...ஈ...ஈக்."

மூன்றாம் மேடையில் துறைமுகம் ஓட்டுநரின் கை கியருக்குப் போனது. போன கை பாதியில் நின்றது. முன்பு ஏமாந்ததனால் மட்டும் அல்ல. இப்போது அவர் காது கொடுத்துக் கேட்டார். அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். மிக நன்றாகத் தெரியும். கதவைத் திறந்து குதித்து, தொப்பை குலுங்க, மேடைகளுக்குக் குறுக்கே ஓடினார்.

அறிவிப்பு அறை வாசலில் மேலாளர் அப்போதுதான் வந்து, "மறுபடியும் விசிலா..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துக் கல்லாகி நின்றார். ஓட்டுநர் அவரை ஒதுக்கித் தள்ளிவிட்டு உள்ளே போனார். சட்டைப் பையிலிருந்து தன்னுடைய பம்ப்பை எடுத்தார்.

"மைக்கம்மா, என்னைப் பாருங்க. நிமிர்ந்து உட்காருங்க. மூச்சை வெளிய விடுங்க... விடுங்க... இப்ப இழுங்க! அப்படியே பிடிங்க. நல்லது. இன்னொரு தடவை."

ஒன்று. இன்னொன்று. சற்று இடைவெளி. மறுபடியும். அந்த முரட்டுக் கை அவள் முதுகைத் தாங்கியிருந்தது. கயிறு ஒரு சுற்றுத் தளர்ந்தது. அவள் கண்களில் தண்ணீர் வழிந்தது. கூடவே காற்றும் வந்தது.

"டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போகணும் சார், இது தற்காலிகம்தான்" என்று மேலாளரிடம் திரும்பியவர், தன் கையில் இருந்த பம்ப்பை அவர் பார்ப்பதைக் கவனித்துத் தயங்கினார். "எனக்கும் இருக்கு. பல வருஷமா. டிப்போவுல சொல்லலை. வண்டியைப் பிடுங்கிடுவாங்கன்னு..."

"நான் எதையும் பார்க்கலை" என்றார் மேலாளர். "காலை நீங்க பிடிங்க, தலையை நான் பிடிக்கிறேன்."

மருத்துவமனையில் முகமூடி வழியாகப் புகைபோல மருந்து ஏறியது. தொழிற்சாலையிலிருந்து ஓடி வந்த கணவரின் கையில், பதற்றத்தில், ஒற்றைச் செருப்பு ஒன்று இருந்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதார்.

"நான்தான் டாக்டர் நிறுத்தச் சொன்னேன். ஒப்பிட்டுப் பார்க்கலாம்னு..."

"உயிரை வெச்சா சார் ஒப்பிட்டுப் பார்ப்பாங்க?" டாக்டருக்கு அன்றுதான் முதன்முறையாகக் குரல் உயர்ந்தது. பிறகு தணிந்தது. "நிறுத்தினது பெரிய தப்பு. ஆனா அதை மட்டும் சொல்ல முடியாது. பழுப்பு கொடுத்தேன், நீலம் தீர்ந்தது. கூட்டு மருந்து, மாத்திரை, எல்லாத்துலயும் தீர்ந்தது. ஒரு மருந்துக்கும் அடங்காத ஆஸ்துமான்னுதான் நான் நினைக்க வேண்டியிருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன், ஊசி போட வேண்டியிருக்கும். அப்புறம், அந்தப் புகையில உட்கார்ந்து பார்க்கிற வேலை இனிமே வேண்டாம்."

மைக்கம்மா முகமூடிக்குள் தலையசைத்தாள். வாதாட அவளிடம் எதுவும் மிச்சமில்லை. உடம்பு தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அதைவிட, தன் கையே தன்னை ஏமாற்றியிருக்கிறது.

பொழுது சாயும் நேரத்தில் டாக்டர் அனுப்பிவைத்தார். கணவரின் தோளைப் பிடித்தபடி அவள் கடைசியாக அறிவிப்பு அறைக்கு வந்தாள். மேலாளர் காத்திருந்தார்.

"வேலையை விட்டெல்லாம் போக வேண்டாம்மா. தொலைஞ்ச சாமான் அறைக்கு மாத்தித் தர்றேன். உள்பக்கம், புகை வராது. மெஷினும் அடுத்த மாசம் வந்துடும்." அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு கடிதத்தை நீட்டினார். "உடல்நிலை காரணமாக நானே விரும்பிக் கேக்கிறேன்னு எழுதியிருக்கு. கையெழுத்துப் போட்டா போதும்."

குடைகளும், ஒற்றைச் செருப்புகளும், யாரும் தேடி வராத பெட்டிகளும் இருக்கிற அறை. அங்கே யாரோடும் பேச வேண்டியதில்லை. மைக்கம்மா பேனாவை வாங்கினாள். மைக்கை ஒரு முறை தடவிப் பார்த்தாள். பளபளவென்று, தூசு தும்பு இல்லாமல், புதிது போல இருந்தது. கையெழுத்தைப் போட்டாள். கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் மாலை நேர இளைஞன் வேலைக்கு வந்தான். விஷயத்தை வாசலிலேயே யாரோ அரைகுறையாகச் சொல்லியிருந்தார்கள்.

"அக்கா, உடம்பு சரியில்லைன்னு சாமான் அறைக்குப் போறீங்களாமே! நிஜமாவா?" நாற்காலியில் உட்கார மனமில்லாமல் நின்றான். பிறகு, பழக்கதோஷம், டிராயரைத் திறந்து துழாவினான்.

"போறதே போறீங்க, ஒரு உதவி மட்டும் பண்ணிட்டுப் போங்கக்கா" என்று பெயர் சுரண்டிய நீல பம்ப்பை எடுத்துக் காட்டினான். "தினமும் மைக்குல தூசி ஊத இதைத்தான் அடிப்பேன், நேத்தோட இதுவும் தீர்ந்துபோச்சு. இந்த ஸ்பிரே எந்தக் கடையில கிடைக்குது?"